பள்ளிக் கட்டடத்துக்கு மில்லேஜ்: மிச்சிகனில் வீடு வைத்திருப்போரின் கேள்விகள்

எங்கள் பள்ளி மாவட்டம் ‘சிங்கிங் ஃபண்ட்’ (பள்ளிக் கட்டட வேலைகளுக்கென வசூலிக்கும் தனி நிதி) என்று வாக்காளர்களிடம் 1.5 மில் சொத்து வரி கேட்கிறது. வீட்டின் விலை 4 லட்சம் டாலர். ஆண்டுக்கு 600 டாலர் கூடுமா?

கூடாது. அதிகபட்சம் 300. ஒரு மில் என்பது வரிக்குரிய மதிப்பில் ஆயிரத்துக்கு ஒரு டாலர்; இப்படி மில் கணக்கில் போடும் சொத்து வரிதான் மில்லேஜ். மிச்சிகனில் வீட்டை மதிப்பிடுவதே சந்தை விலையில் பாதிக்குத்தான். அந்தப் பாதியும் பலருக்குப் பொருந்தாது. பிப்ரவரி, மார்ச்சில் தபாலில் வரும் மதிப்பீட்டு நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். ‘டாக்ஸபிள் வேல்யூ’ என்று தனியாக ஓர் எண் இருக்கும். அதை ஆயிரத்தால் வகுத்து 1.5-ஆல் பெருக்கினால் உங்கள் கணக்கு வந்துவிடும்.

1994-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ‘ப்ரொபோசல் ஏ’ அந்த எண்ணுக்கு ஒரு கடிவாளம் போட்டது. ஆண்டுக்குப் பணவீக்கம் அல்லது 5 சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் ஏறக் கூடாது. அதனால் பல ஆண்டாக அதே வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வரிக்குரிய மதிப்பு 1,10,000 டாலராகவே இருக்கலாம்; அவர் கட்டப்போவது 165 டாலர்.

வீடு கைமாறினால் மறு ஆண்டே கடிவாளம் கழன்று, எண் பாதி விலைக்குத் தாவும். வாங்கும்போது விளம்பரத்தில் பார்த்த வரி விற்றவருடையது, உங்களுடையது அல்ல. அதை நம்பி எஸ்க்ரோவை (வீட்டுக் கடன் தவணையோடு வரிக்காகச் சேர்த்துக் கட்டும் தொகையை) கணக்கிட்டவர்களுக்குத்தான் அடுத்த ஆண்டு மாதத் தவணை திடீரென ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்குப் பள்ளி மில்லேஜைக் குறை சொல்ல வேண்டாம்.

நாங்களே குடியிருக்கிறோம். குடியிருப்பு விலக்கும் வாங்கியிருக்கிறோம். பள்ளி வரிதான் எங்களுக்கு இல்லையே?

அந்த விலக்கு, பள்ளியின் அன்றாடச் செலவுக்கான 18 மில்லுக்கு மட்டும். சிங்கிங் ஃபண்ட், பாண்ட் கடன் (மாவட்டம் கடன் பத்திரம் விற்று வாங்கும் கடன்) இரண்டுக்குமான வரியை எல்லாரும் கட்ட வேண்டும். விலக்குக்கான 2368 படிவத்தை இன்னும் கொடுக்காதவர்கள் முதலில் அதைக் கொடுங்கள். எந்த மில்லேஜையும்விடப் பெரிய தொகை அதில் போகிறது.

இந்தப் பணம் சம்பளத்துக்குப் போய்விடாது என்று எப்படி நம்புவது?

சட்டம் இதில் கறார். நிலம் வாங்கலாம், கட்டடம் கட்டலாம், பழுது பார்க்கலாம். பாதுகாப்பு ஏற்பாடும் தொழில்நுட்பமும் 2016 திருத்தத்தால் சேர்ந்தன. அதே திருத்தம் உச்சவரம்பை 5 மில்லிலிருந்து 3 ஆகவும், காலத்தை 20 ஆண்டிலிருந்து 10 ஆகவும் குறைத்தது. சம்பளம், மின் கட்டணம், துப்புரவு, மேசை நாற்காலி எதற்கும் இதைத் தொட முடியாது.

சிக்கல் வருவது பழுதுக்கும் அன்றாடப் பராமரிப்புக்கும் நடுவில். ஒழுகும் தட்டைக் கூரையின் நீர்புகா மேலுறையை உரித்து, ஊறிப்போன இன்சுலேஷனை எடுத்துவிட்டுப் புதிதாக விரிப்பது பழுது. அதே கூரையின் வடிகாலில் அடைத்த இலையை வாருவது பராமரிப்பு. அது மாவட்டத்தின் அன்றாடச் செலவுக்கான பொது நிதியில்தான் நடக்க வேண்டும். இலையை வாராமல் விட்டால் தண்ணீர் தேங்கி, குளிரில் உறைந்து, மூட்டுகள் பிளந்து, உரிய காலத்துக்கு முன்பே கூரையை மாற்ற வேண்டிவரும். ஆகவே பள்ளி மாவட்டத்தின் போர்டு கூட்டத்தில் “புதுக் கூரை எப்போது?” என்பதோடு “வடிகாலை ஆண்டுக்கு எத்தனை முறை சுத்தம் செய்கிறீர்கள், எந்தக் கணக்கிலிருந்து?” என்றும் கேளுங்கள்.

இந்த நிதிக்கு ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. தவறாகச் செலவிட்டதாக மாநில நிதித்துறை முடிவு செய்தால், மாவட்டம் அதைப் பொது நிதியிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும். அந்த வரியையும் அதன் பிறகு வசூலிக்க முடியாது.

பாண்ட் நல்லதா, சிங்கிங் ஃபண்ட் நல்லதா?

புதுப் பள்ளி கட்ட மொத்தமாகப் பணம் வேண்டும், அதற்குப் பாண்ட். ஆண்டுக்கு ஒரு கூரை, ஒரு பாய்லர், ஒரு வாகன நிறுத்துமிடம் என்று வரிசையாகச் சரிசெய்யச் சிங்கிங் ஃபண்ட்தான் சரி. வசூலாவதைச் செலவழிப்பதால் வட்டி கிடையாது. சிறு பழுதுகளுக்கு நீண்ட காலக் கடன் வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

‘பழைய மில்லேஜின் புதுப்பித்தல்தான், வரி ஏறாது’ என்கிறது துண்டுப்பிரசுரம். சரியா?

வாக்குச்சீட்டைப் படியுங்கள். எத்தனை மில், எத்தனை ஆண்டு, எதற்காக, முதல் ஆண்டில் எவ்வளவு வசூலாகும், புதுப்பித்தலா புதிதா என்பதெல்லாம் அதில் இருக்கும். மாநில அரசியலமைப்பின் 1978 ஹெட்லீ திருத்தப்படி, மாவட்டத்தின் மொத்த வரிக்குரிய மதிப்பு பணவீக்கத்தைவிட வேகமாக ஏறினால் மில் விகிதம் தானாகக் குறையும். 1.5 என்று தொடங்கியது 1.42-க்கு இறங்கியிருக்கலாம். அதை மறுபடி 1.5 ஆக்கக் கேட்டால், 0.08 மில் ஏற்றம்தான்.

ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். வரி கட்டுகிறோம், வாக்களிக்கலாமா?

முடியாது, கிரீன் கார்டு இருந்தாலும் முடியாது. குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது குடியுரிமை பற்றிய கேள்விக்கு மிகக் கவனமாகப் பதில் சொல்லுங்கள். தவறுதலாக வாக்காளராகப் பதிவாகிவிட்டால், வாக்களிக்காமல், உடனே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். குடியுரிமை உள்ளதாகப் பொய்யாகச் சொன்னது நாடு கடத்தல்வரை கொண்டுபோகும்.

போர்டு கூட்டத்தில் பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டியது போர்டின் சட்டக் கடமை. உங்கள் பிள்ளையின் வகுப்பில் கூரை ஒழுகினால், எந்த அறை, எந்த மூலை, எந்தத் தேதி என்று படத்தோடு போய்ச் சொல்லுங்கள்.

மதிப்பீடே தவறு என்று தோன்றினால்?

மார்ச் மாதம் உங்கள் நகரின் அல்லது டவுன்ஷிப்பின் ‘போர்டு ஆஃப் ரிவ்யூ’ முன் முறையிடுங்கள். அருகில் அண்மையில் விற்ற, அதே அளவு வீடுகளின் விலையை எடுத்துச் செல்லுங்கள். குடியிருப்பு வீட்டுக்கு இந்தப் படியைத் தாண்டாமல் வரித் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது.