அப்பா கல்லறைக்குக் கல் வைக்கும் முன் அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும்

கேள்வி: எங்கள் ஊர் நாங்குநேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா போன தை மாதம் காலமானார். ஊர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். நான் மும்பையில் இருக்கிறேன். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் கறுப்புக் கிரானைட்டில் கல்லறை கட்டி, நான்கு தூண் நிறுத்திக் கூரையும் போட ஆசை. சபைக் கமிட்டியில் ஒருவர் கட்டலாம் என்கிறார், இன்னொருவர் கூடாது என்கிறார். கல் கான்ட்ராக்டர் "அனுமதியெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்கிறார். பக்கத்துக் கல்லறைக்குக் கூரை இருக்கிறது. எங்களுக்கு மட்டும் ஏன் கூடாது? ரொம்பத் தகராறு செய்தால் அப்பாவை எங்கள் சொந்தத் தோட்டத்துக்கே மாற்றிவிடலாமா?

பதில்: முதலில் அந்த அட்வான்ஸை நிறுத்துங்கள். சபையிலிருந்து எழுத்தில் அனுமதி வரும்வரை கான்ட்ராக்டர் கைக்கு ஒரு ரூபாய்கூடப் போக வேண்டாம்.

அடக்கத்தின்போது பணம் கட்டி ரசீது வாங்கியிருப்பீர்கள். அதை வைத்துக்கொண்டு அந்த ஆறடி நிலம் நம்முடையது என்று நினைப்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். நிலம் சபையுடையது. சி.எஸ்.ஐ. சொத்துகள் பொதுவாக சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். உங்கள் ரசீது அப்பாவை அங்கே அடக்கம் செய்ததற்கு மட்டும்தான். அதற்கு மேல் செங்கல் ஒன்று வைக்க வேண்டுமென்றாலும் தனியாக அனுமதி வேண்டும். நீளம், அகலம், உயரம், கட்டுக் கல்லறையா, மண்மேட்டில் சிலுவை மட்டுமா என்பதெல்லாம் சபைக்குச் சபை மாறும். பாளையங்கோட்டையில் ஒத்துக்கொள்வதை உங்கள் ஊரில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கத்தோலிக்கப் பங்கு என்றால் பங்குத்தந்தையிடம் போக வேண்டும், மற்றபடி கதை இதேதான்.

கூரை ஆசையை விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. தூண்கள் குழிக்கு வெளியேதான் இறங்கும். அது பக்கத்துக் குழிக்கான இடம், அல்லது பெட்டி தூக்கி வருகிற பாதை. அம்மாவின் காலத்துக்குப் பிறகு அதே இடத்தில் அடக்கம் செய்ய நினைத்தால் உங்கள் கூரையே உங்களுக்குத் தடையாக நிற்கும். பக்கத்துக் கல்லறையின் கூரை முந்தைய கமிட்டி கொடுத்த அனுமதியாக இருக்கலாம், கேட்காமலே கட்டியதாகவும் இருக்கலாம். எதுவானாலும் அவர்கள் கட்டியது உங்களுக்கு உரிமை ஆகிவிடாது.

உங்கள் ஊரிலிருந்து டோனாவூர் பக்கம்தான். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்து 1951-இல் மறைந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் தன் கல்லறைக்கு மேல் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டி ஒன்றைத்தான் அங்கே வைத்தார்கள். இன்றைக்கும் எங்கிருந்தெல்லாமோ வந்து பார்க்கிறார்கள். ஒருதடவை போய்ப் பாருங்கள்.

இனி கான்ட்ராக்டர் விஷயம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள்தான் இவர்களுடைய பிழைப்பு. "கமிட்டியில நம்ம ஆள் இருக்காரு" என்பார்கள். அந்த ஆள் கையெழுத்துப் போட மாட்டார். கல் இறங்கிய பிறகு யாராவது தடுத்தால், "நீங்களே பேசி முடிச்சுக்கிடுங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பணம் அவரிடம், கல் கல்லறைத் தோட்ட வாசலில், பழி உங்கள் தலையில். கடையில் ஒரு கல்லைக் காட்டிவிட்டு அதைவிட மெல்லிய பலகையைச் செங்கல் மேல் ஒட்டிவிட்டுப் போவதும் உண்டு. கல்லின் கனம் எத்தனை மில்லிமீட்டர், எழுத்து வெட்டியதா, பெயின்ட் மட்டுமா என்று ஒப்பந்தச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத்தை வெட்டும் முன் பெயரையும் தேதிகளையும் வசனத்தையும் காகிதத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, வீட்டில் இரண்டு பேர் படித்துப் பாருங்கள். வெட்டிய பிறகு திருத்த முடியாது. "பக்கத்து இடத்தையும் அம்மாவுக்கு இப்பவே பேசி முடிச்சுத் தாரேன்" என்று இன்னொருவர் வருவார். அவர் பேச்சுக்குக் காது கொடுக்கவே வேண்டாம்.

சபை ஆட்களிலும் ரசீது இல்லாமல் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. சபைக் கோயிலுக்குக் கோபுரம் கட்ட லட்சக்கணக்கில் வசூலிக்கிறோம். கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு வரைபடம், குழிக்கு ஓர் எண், ஒரு பதிவேடு வைக்கப் பல சபைகளுக்கு மனமில்லை. சேகரகுரு (சபைக்குப் பொறுப்பான போதகர்) மாற்றலாகிப் போகிறார், கமிட்டி மாறுகிறது, வாயால் கொடுத்த அனுமதியும் அவர்களோடு போய்விடுகிறது. பிறகு வருகிறவர்கள் "எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள். துக்க வீட்டுக்காரன் சபைக்கும் கொத்தனாருக்கும் நடுவில் அலைகிறான். ஒரு பக்கத்தில் அளவும் கட்டணமும் எழுதிக் கோயில் பலகையில் ஒட்டினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கேட்டால் "பாக்கலாம்" என்பார்கள்.

சொந்தத் தோட்டம் பற்றிக் கேட்டீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் தவறுகிறார்கள். பட்டா நம் பெயரில் இருக்கிறது, யார் கேட்பது என்று நினைக்கிறார்கள். 1999-இல் வந்த கிராம ஊராட்சி இடுகாடு, சுடுகாடு விதிகள்படி, உரிமம் பெறாத இடம் என்றால் குடியிருக்கும் வீட்டிலிருந்தோ குடிநீர் ஆதாரத்திலிருந்தோ 90 மீட்டருக்குள் அடக்கம் செய்யக் கூடாது. உங்கள் தோட்டத்துக் கிணறு உங்களுக்குப் பாசனக் கிணறாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் அதில்தான் குடம் நிறைக்கிறார் என்றால் அது குடிநீர்தான். சரி, 90 மீட்டர் தாண்டிவிட்டது, அத்தோடு முடிந்ததா? இல்லை. புதிதாக ஓர் இடத்தை அடக்க இடமாக்க ஊராட்சியின் உரிமம் வேண்டும். 2024 ஜூலையில் கொலையான பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கின் உடலைச் சென்னை பெரம்பூர் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்ய அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் அரசு அனுமதித்த பொத்தூர் தனியார் நிலத்தில்தான் அடக்கம் நடந்தது. அவ்வளவு பெரிய கூட்டம் பின்னால் நின்றவருக்கே நிலைமை அது. நீங்கள் கேட்பதோ ஏற்கெனவே அடக்கமானவரைத் தோண்டி எடுத்து மாற்றுவது. அதற்குச் சபையின் சம்மதம் மட்டும் போதாது, அரசு அனுமதியும் வேண்டும். நீங்களாகக் குழியைத் திறந்தால் காவல் நிலையத்தில்தான் போய் முடியும். கமிட்டி மேல் உள்ள கோபத்துக்காக அப்பாவைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

நினைவு நாளுக்குள் முடித்தே ஆக வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். பெட்டி மரம் இற்று விழும்போது மேல்மண் அமுங்கும். அதற்குள் கனமான கல்லை ஏற்றினால் ஒரு பக்கம் சாய்ந்து வெடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கி மண் படிந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். பாரம் குழிமண்ணில் இறங்காமல், இரண்டு பக்கமும் உள்ள வெட்டாத மண்ணில் உட்காரும்படி குறுக்கே கான்கிரீட் பீம் போடச் சொல்லுங்கள். கரிசல் மண் என்றால் இன்னும் கவனம், அது மழைக்கு ஊதி வெயிலுக்கு வெடிக்கும். நினைவு நாளுக்கு மண்மேட்டைச் சீர் செய்து ஒரு மரச்சிலுவையோ சின்னப் பெயர்ப்பலகையோ வைத்து ஜெபம் நடத்தலாம். அதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒரு மனு. சேகரகுருவுக்கும் கமிட்டிச் செயலாளருக்கும் எழுதுங்கள். அப்பா பெயர், அடக்கத் தேதி, ரசீது எண், கல்லறை இருக்கும் இடம், நீங்கள் கேட்கும் நீளம், அகலம், உயரம், கல்லில் வரப்போகும் வாசகம் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு கோட்டுப் படமும் சேருங்கள். "கமிட்டித் தீர்மானத்தின் நகல் வேண்டும்" என்று கடைசி வரியில் கேளுங்கள். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வர உள்ளூரில் அண்ணனோ சித்தப்பாவோ போகட்டும். கான்ட்ராக்டரை அனுப்பாதீர்கள்.