பாழாய்க் கிடக்கும் ராணுவப் பதுங்கு குழிகளைச் சுற்றுலாத் தலமாக்கினால் ஆட்கள் வருவார்களா?

வருவார்கள். ஆனால் வெறும் கான்கிரீட்டைப் பார்க்க வரமாட்டார்கள். உங்கள் ஊர்க் கடற்கரையில் உலகப் போர்க் காலத்துப் பதுங்கு குழிகள் சும்மா கிடக்கின்றன, வெள்ளையடித்து விளக்குப் போட்டுத் திறந்துவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நான் மொரிசியஸில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களைப் பழைய கோட்டை கொத்தளங்களுக்குக் கூட்டிப்போன அனுபவத்தில் சொல்கிறேன்.

இங்கே மேற்குக் கரையில், லா ப்ரெனூஸில், மார்டெல்லோ கோபுரம் ஒன்று இருக்கிறது. கடல்வழி வரும் எதிரியைத் தடுக்கப் பீரங்கி வைத்துக் கட்டிய குட்டையான, வட்டமான கல் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து நிமிடம் நிற்கத் தோன்றாது. இன்று அது அருங்காட்சியகம். உள்ளே போய், வழிகாட்டி பேச ஆரம்பித்ததும்தான் அந்த இடம் உயிர் பெறும். ஆங்கிலேயர் இதைக் கட்டியது 1830களில். 1810இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தீவைப் பிடித்துவிட்டார்கள், ஆனால் கரும்புத் தோட்டங்கள் பிரெஞ்சு முதலாளிகள் கையில்தான் இருந்தன. அடிமை முறையை ஒழிக்கப்போகிறோம் என்றால் அவர்கள் கிளர்ச்சி செய்வார்கள், பிரெஞ்சுக் கடற்படை துணைக்கு வந்துவிடும் என்று பயம். அந்தப் பயம்தான் இவ்வளவு கனமான சுவராக நிற்கிறது. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிந்தது. எதிர்பார்த்த படையெடுப்பு நடக்கவே இல்லை.

இதைக் கேட்ட ஒரு பையன், "அப்போ கரும்பு யார் சார் வெட்டினாங்க?" என்றான். எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். பதில் அவன் வீட்டிலேயே இருக்கிறது. 1834 நவம்பர் 2 அன்று அட்லஸ் கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். பின்னால் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக நம் ஆட்கள் வந்தார்கள். கோபுரம் எழுந்ததற்கும் அவன் முன்னோர் கப்பல் ஏறியதற்கும் காரணம் ஒன்றே. அதற்குப் பிறகு பிள்ளைகள் அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பீரங்கியைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

உங்கள் பதுங்கு குழிகளுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், மாயேபூர் பக்கத்தில் கரையை ஒட்டிய ஈல் ஓ செக்ரெத் என்னும் குட்டித் தீவு. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயப் படை அங்கே பீரங்கி வைத்துக் காவல் இருந்தது. இப்போது அது இயற்கைக் காப்பகம். மொரிசியன் வைல்ட்லைஃப் பவுண்டேஷன் என்ற வனஉயிர்ப் பாதுகாப்பு அமைப்பு அங்கே கருங்காலிக் காட்டை மீட்டுக்கொண்டிருக்கிறது. 1990 வாக்கில் காட்டில் பத்துப் பன்னிரண்டு என்ற அளவுக்குக் குறைந்துபோன இளஞ்சிவப்புப் புறாவை அங்கே கண்ணால் பார்க்கலாம். பீரங்கி இன்னும் அங்கேயே இருக்கிறது. ராணுவம் ஜெனரேட்டர் வைத்திருந்த அறை கண்காட்சிக் கூடமாகிவிட்டது. ஜனங்கள் புறாவுக்கும் ஆமைக்கும் வருகிறார்கள், வந்த இடத்தில் போர்க் கதையையும் கேட்டுக்கொண்டு போகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. கட்டடத்துக்குப் புது வேலை கொடுத்தார்கள், பழைய அடையாளத்தை அழிக்கவில்லை.

வழிகாட்டி இல்லாமல் அந்தத் தீவைச் சுற்ற முடியாது. இதை நீங்களும் கட்டாயம் பின்பற்றுங்கள். காவலும் பேச்சும் இல்லாத பழைய பீரங்கி மேடைகளை இங்கே பார்த்திருக்கிறேன். உள்ளே பாட்டிலும் சிறுநீர் நாற்றமும்தான்.

அப்புறம், முதலில் வெள்ளையடிக்காதீர்கள். சுவரில் சிப்பாய்கள் கிறுக்கிய பெயர், அம்புக்குறி, எண் ஏதாவது இருந்தால் அதோடு போய்விடும். வௌவால் குடியிருந்தால் அதைத் துரத்தாமல், அந்த அறையை மட்டும் மூடிவைத்துவிட்டு மற்றதைத் திறக்கலாம். காற்றுப் போக்கும் மழைநீர் வடிகாலும் சரியாக இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கான்கிரீட்டுக்கு மணல் சுமந்தவர்களின், சிப்பாய்களுக்கு மீன் விற்றவர்களின் பிள்ளைகள் உங்கள் ஊரில் இருப்பார்கள். வயது எண்பது, தொண்ணூறு ஆகியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதை போனில் பதிவு செய்துவிடுங்கள்.