லண்டன் வீட்டு கராஜ் கூரையின் அஸ்பெஸ்டஸ் சீற்றை உடைத்துப் பையில் கட்டி நாங்களே கொண்டுபோய்ப் போடலாமா?

உடைக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

சீற் நீளம், காரின் பின் பெட்டிக்குள் போகாது, ஆகவே உடைத்துக் கறுப்புப் பையில் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வீடு வாங்கி, மோர்ட்கேஜ் கட்டி, கை வறண்ட நேரம் என்று நினைக்கிறேன். கழற்றுகிறவர்கள் சொன்ன விலையும் தலையைச் சுற்ற வைத்திருக்கும். இந்த வேலையில் சில வருடம் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். ஆள் பிடிக்க இல்லை, இப்போது வேறு தொழில்.

கராஜ் கூரைச் சீற்றில் அஸ்பெஸ்டஸ் நார் சீமெந்துக்குள் இறுகிக் கிடக்கும். சுத்தியலால் அடிக்கும்போதுதான் அது கிளம்பும். முழுசாக இறக்கினால் முழுசாகவே சுற்றலாம்: தடித்த 1000 கேஜ் பொலித்தீனில் இரண்டு சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனி ஒட்டுநாடா, மேலே எச்சரிக்கை லேபல். ஏற்கெனவே உடைந்த துண்டு, துடைத்த துணி, போட்ட மாஸ்க், ஓவரோல் எல்லாம் இரட்டைப் பைக்குள்: உள்ளே சிவப்பு, வெளியே தெளிந்தது. வாய்முட்ட நிரப்பினால் முறுக்குவதற்குக் கழுத்து மிஞ்சாது. கழுத்தை முறுக்கி, மடக்கி, ஒட்டுநாடா சுற்ற வேண்டும். காற்றை அமத்தி வெளியே தள்ளினால் தூசும் சேர்ந்து உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

வடமேற்கு லண்டனில் ஒரு அண்ணை மச்சானோடு சேர்ந்து கராஜ் கூரை முழுவதையும் நொறுக்கி, வெறும் அரிசிச் சாக்குகளில் அள்ளியிருந்தார். பின்னல் சாக்கு என்பதால் இழைக்கு இழை ஓட்டை. அதைக் காரில் ஏற்றிக் கவுன்சில் குப்பை நிலையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். சாக்கு வாயில் நீட்டிக்கொண்டிருந்த சாம்பல் நிற மூலையைப் பார்த்த ஊழியர், முன்பதிவும் இல்லை, பொதியும் சரியில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். பிறகுதான் எங்களுக்கு போன்.

நாங்கள் போனபோது கார் வீட்டு முன்னால் நின்றது. பின் பெட்டிக் கதவைத் திறந்தால் கார்பெட் முழுக்க மாவு தூவினது போல. முன் வரிசையில் பிள்ளையின் கார் இருக்கை. பாத்திரம் கழுவுகிற திரவம் சொட்டு விட்ட தண்ணீரைச் சாக்குகள் மேல் மெல்ல விசிறி, ஒன்றையும் கொட்டாமல் சாக்கோடு சிவப்புப் பைக்குள் இறக்கினோம். கார்பெட்டை வெட்டி எடுத்தோம். பிள்ளையின் இருக்கையையும் பையில் போட வேண்டியதாயிற்று. "போன மாசம்தான் வாங்கினது தம்பி" என்று அக்கா வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அண்ணை மட்டும் விடவில்லை. "எங்கட ஊரில வீடு முழுக்கச் சீற்தானே, ஆருக்கு என்ன வந்தது?" இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போனது. அஸ்பெஸ்டஸ் தூசை மூச்சில் இழுத்தால் வருகிற நுரையீரல் நோய் பதினைந்து வருடம் கழித்தும் வரும், அறுபது வருடம் கழித்தும் வரும். பிரித்தானியாவில் 1999இல் கடைசியாக மிஞ்சிய வெள்ளை வகை அஸ்பெஸ்டஸையும் தடை செய்து முடித்தார்கள், இன்றைக்கும் வருடத்துக்கு ஏறத்தாழ 5000 பேர் பழைய தூசால் சாகிறார்கள். ஊரில் செத்தவரின் நுரையீரலை ஆர் வெட்டிப் பார்த்தது?

ஊர்க் கதை வந்தபடியால் ஒன்று. இலங்கை அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கண்டதென்று சிலோன் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் விற்கிற நாடும் அதுதான். உடனே இலங்கையில் கட்டுப்பாடு தளர்ந்தது, ரஷ்யாவுக்குத் தேயிலை போனது. வண்டின் பெயரில் எங்கள் கூரை தீர்மானமானது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். வயிறு எரிகிறது.

"சீமெந்துச் சீற்றுக்கு இவ்வளவு கெடுபிடியா, லைசென்ஸ்கூடத் தேவையில்லையே" என்று ஒருவர் கீழே கருத்து எழுத வரப்போகிறார். சரிதான், இந்த வேலைக்குப் பொதுவாக லைசென்ஸ் வேண்டாம். சீமெந்தில் இறுகிய நார் வெளியேறாது என்றால், அபாயச் சரக்கை வீதியில் ஏற்றிச் செல்லும் விதிகளிலிருந்து விலக்கும் உண்டு. ஆனால் கழிவுச் சட்டத்தில் அஸ்பெஸ்டஸ் 0.1 வீதத்துக்கு மேல் இருந்தாலே அது அபாயக் கழிவு. நொறுக்கின சாக்குக்கு அந்த விலக்கைப் பேச வேண்டாம்.

முதலில் உங்கள் கவுன்சிலுக்கு போன் பண்ணுங்கள். சில கவுன்சில்கள் முன்பதிவோடு வீட்டுக்காரரிடம் அளவாக எடுக்கும், சில வீட்டுக்கே வந்து எடுக்கும், சில எடுக்கவே எடுக்காது. ஆள் பிடிப்பதென்றால், திறந்த டிப்பரோடு வந்து "கையில காசு தாங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்கிறவனை அனுப்பிவிடுங்கள். அவன் அதை ஒரு சந்துக்குள் கொட்டி, அதில் உங்கள் முகவரிக் கடிதம் ஒன்று கிடந்தால், இங்கிலாந்தில் உங்களுக்கே 600 பவுண் வரை தண்டம் வரலாம். மூடிப் பூட்டுகிற வாகனமா என்று பாருங்கள். கழிவு ஏற்றுகிறவரின் பதிவு இலக்கத்தைச் சுற்றாடல் முகவரகத்தின் (Environment Agency) இணையப் பதிவேட்டில் அவர் முன்னாலேயே தட்டிப் பாருங்கள். காசு கொடுக்கும்போது அபாயக் கழிவு ஒப்படைப்புப் பத்திரத்தின் (consignment note) பிரதியைக் கேளுங்கள். அதில் 17 06 05 என்ற கழிவுக் குறியீடும், கொண்டுபோய்ச் சேர்க்கிற இடத்தின் பெயரும் இருக்க வேண்டும்.