போட்ட காசு வந்தால் போதும் (கடிதம்)

அன்புள்ள சார்,

2024 செப்டம்பரில் என் சேமிப்பில் பெரும்பகுதியை ஒரே தவணையாக ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடான நிஃப்டியை அப்படியே பின்பற்றும் ஃபண்டு) போட்டேன். கூடவே மாதாமாதம் ஒரு தொகை போடும் எஸ்ஐபியும் சின்னதாக ஒன்று போகிறது. ஒரு வருடம் தாண்டியும் அந்தப் பெரிய தொகை போட்ட இடத்துக்கே வரவில்லை. தங்கம் வாங்கிய மச்சினன் ஒவ்வொரு விசேஷத்திலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ஜப்பான் மாதிரி நாமும் முப்பது வருடம் படுத்துவிட்டால்? எஸ்ஐபியை நிறுத்திவிடவா? போட்ட காசு வந்ததும் வெளியே வந்துவிடலாம் என்றிருக்கிறேன். மகள் பத்தாவது படிக்கிறாள்.

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

மச்சினன் சிரித்துவிட்டுப் போகட்டும். 2013க்கு அப்புறம் தங்கம் நாலைந்து வருடம் அசையாமல் கிடந்தபோது அவர் எங்கே இருந்தார் என்று கேளுங்கள், அப்படியே செய்கூலி, சேதாரம் கழித்து லாபத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஜப்பானையும் விடுங்கள். 1989 டிசம்பரில் அவர்களுடைய பங்குச் சந்தைக் குறியீடான நிக்கி 38,915ல் முடிந்ததும், அதைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனதும் உண்மைதான். ஆனால் அன்று அங்கே பங்குக்கும் மனைக்கும் சொன்ன விலை பைத்தியக்கார விலை. வாட்ஸ்அப்பில் ஜப்பான் சரிவுப் படத்தை அனுப்புகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது 'போட்ட காசு வந்ததும்' என்கிற வார்த்தைதான். சமீபத்தில் பெரியப்பாவின் பீரோவைக் காலி செய்ததிலிருந்து இதே யோசனையாக இருக்கிறேன்.

மின்வாரியத்தில் இருந்தவர். 1992ல் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஜனவரியில் 2,000 வாக்கில் இருந்து ஏப்ரலில் 4,467க்குப் பறந்ததே, அந்த ஏப்ரலில் பங்குகள் வாங்கினார். அதே மாதம் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் மோசடி விவகாரம் வெடித்தது. அப்போது பங்குகளைக் கணினியில் வைக்கும் டீமேட் கணக்கு கிடையாது. பங்கு என்றால் காகிதம், கூடவே பெயர் மாற்றும் படிவமான டிரான்ஸ்ஃபர் டீடு, அதில் கையெழுத்து கொஞ்சம் கோணினாலும் 'ஒத்துப்போகவில்லை' என்று ரிஜிஸ்டர் தபாலில் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்த உறைகளை வருட வாரியாக ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தார். ரப்பர் உருகிக் காகிதத்தில் ஒட்டிப்போயிருந்தது.

நடுவில் 1994லும் 2000லும் சந்தை ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தது, அவருடைய பங்குகள் எழவில்லை. 2003 ஏப்ரலில் சென்செக்ஸ் 3,000க்கும் கீழே. பதினொரு வருடம்! அதே காலத்தில் அரசாங்கச் சேமிப்புத் திட்டமான பிபிஎஃப்பில் பல வருடம் 12 சதவீதம் வட்டி. தபால் ஆபீஸில் விற்ற கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பு, எடுத்துத் திரும்பப் போட்டிருந்தால் பதினொரு வருடத்தில் நாலு மடங்கு. பெரியம்மா இதை வருடத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார், குறிப்பாக கம்பெனி லாபப் பங்காக 37 ரூபாய்க்கு டிவிடெண்ட் வாரண்ட் வரும் நாளில்.

2003 கடைசியில் அவர் வாங்கிய விலை திரும்ப வந்தது. வந்த வாரமே மொத்தத்தையும் விற்றார். 'போட்ட காசு வந்துடுச்சு' என்று சொல்லி வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தார். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000.

பாவம் என்று நான் சொல்ல வரவில்லை, கோபம்தான் வருகிறது. 1992ல் போட்ட பத்தாயிரம் 2003ல் பத்தாயிரமாக வந்தால் அது போட்ட காசா? அந்த வருடங்களில் அரிசி விலை என்ன ஆனது, பஸ் டிக்கெட் என்ன ஆனது? பாதிக்கு மேல் போன பிறகு 'தப்பித்தோம்' என்று அல்வா. தனியாக அவர் மட்டும் இல்லை, ஊரே இப்படித்தான். 2008 சரிவில் மாட்டியவர்கள் அஞ்சு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள், 2013ல் சந்தை பழைய உச்சிக்கு வந்ததும் பங்குகளில் போடும் ஈக்விட்டி ஃபண்டுகளில் இருந்து சாரை சாரையாக வெளியேறினார்கள், 2014ல் அது அவர்களை விட்டுவிட்டு ஏறியது. விழும்போது ஓடுகிறவர்களைவிட, விழுந்தது எழும்வரை காத்திருந்து எழுந்தவுடன் ஓடுகிறவர்களைத்தான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது சந்தைக்குத் தெரியாது சார். 2024 செப்டம்பரில் இருந்த எண் உங்கள் ஒருவர் தலைக்குள் மட்டும்தான் முக்கியம். அந்த எண் வந்தால் விற்பேன், அதற்கு ஒரு ரூபாய் குறைந்தால் விற்க மாட்டேன் என்பதற்கு என்ன காரணம் இருக்கிறது, சொல்லுங்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நிஃப்டி 26,000ல் இருந்தபோது மொத்தமாகப் போடத் தோன்றியது, 2025 ஏப்ரலில் 22,000க்குக் கீழே போனபோது ஏன் தோன்றவில்லை? அன்று பயம், இன்று அலுப்பு. இந்த அலுப்புக்கு ஒரு வருடம்தான் வயது, அதற்குள் முப்பது வருட ஜப்பானைக் கூப்பிடுகிறீர்கள்.

கேட்டதற்கு வருகிறேன். எஸ்ஐபியை நிறுத்தாதீர்கள், கீழே போனபோது உங்கள் பேரில் வாங்கியது அது ஒன்றுதான். மகளின் கல்லூரிக்கு இன்னும் இரண்டு வருடம் சொச்சம்தான். அந்தச் செலவுக்கு வேண்டிய பணம் பங்குச் சந்தையில் இருக்கவே கூடாது. போட்ட காசு வந்தாலும் வராவிட்டாலும் அதை இந்த மாதமே எடுத்து எஃப்டியில் போடுங்கள். மிச்சத்துக்குப் பத்து வருடம் தேவை இல்லை என்றால் இருக்கட்டும். நேரடியாக வாங்கும் டைரக்டா, ஏஜெண்ட் வழியாக வாங்கும் ரெகுலரா, எந்தக் கம்பெனி ஃபண்டு என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், எனக்கு அதில் பொறுமை இல்லை.