பழைய 303-ஆ, 308-ஆ? முதலில் குழலுக்குள் பாருங்கள்

கேள்வி: கனடாவில், டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். பி.ஏ.எல் எனப்படும் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அண்மையில்தான் கைக்கு வந்தது. வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்துவிட்டேன். நவம்பரில் வேலையிடத்து நண்பர்களோடு பேன்கிராஃப்ட் பக்கம் மான் வேட்டைக்குப் போவதாகத் திட்டம். புது ரைபிள் வாங்க இப்போது வசதிப்படாது. பழையதில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று லீ-என்ஃபீல்டு 303, முன்பக்க மரத்தை வெட்டிக் குறைத்தது, நல்ல மலிவு. இன்னொன்று ரெமிங்டன் 700, 308 தோட்டாவுக்கானது, ஸ்கோப்போடு வருகிறது, ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல். எதை வாங்கலாம்? வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: மானை வீழ்த்தும் பலம் இரண்டுக்கும் தாராளமாக உண்டு. அதனால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். இரண்டும் ஒரே அளவு நல்ல நிலையில் இருந்தால் என் ஓட்டு 308-க்குத்தான். காரணம் ரைபிள் அல்ல, தோட்டா. 308 எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும், வகை வகையாகக் கிடைக்கும். 303 தோட்டா இன்றும் தயாராகிறது, ஆனால் கடைக்குக் கடை இருப்பு மாறும், விலையும் கூடுதல். குறி பார்த்துப் பழக வேண்டிய முதல் வருடத்தில் தோட்டாச் செலவு ரைபிள் விலையையே தாண்டி ஓடக்கூடும். ஆனால் "நல்ல நிலையில் இருந்தால்" என்றேன் அல்லவா, அதைக் கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. பேன்கிராஃப்ட் பக்கம் என்பதால் உங்களுக்கு ரைபிள் சரி. தெற்கு ஒன்டாரியோவின் சில வேட்டைப் பிரிவுகளில் மானுக்கு ரைபிள் கூடாது; துப்பாக்கிகளில் ஷாட்கன்னும், குழல்வாய் வழியே வெடிமருந்தைத் திணித்துச் சுடும் வகையும் மட்டும்தான் அனுமதி. நாளைக்கு வேறு நண்பர் வேறு ஊருக்குக் கூப்பிட்டால், அந்தப் பிரிவின் எண்ணை மாகாண வேட்டை விதிச் சுருக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, ரைபிளுக்கு வருவோம். கையில் வாங்கியதும் போல்ட்டை, அதாவது கைப்பிடியால் இழுத்துத் தோட்டா அறையைத் திறந்து மூடும் உருளையை, திறந்து, தோட்டா அடுக்கும் மேகசினிலும் அறையிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். விற்பவர் "காலிதான்" என்று சொன்னாலும் செய்யுங்கள். பிறகு போல்ட்டை வெளியே எடுத்துவிட்டுப் பின்பக்கமிருந்து குழலுக்குள் பாருங்கள். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எண்ணெய் பூசிய குழல் எதுவானாலும் பளபளக்கும். உலர்ந்த துணித்துண்டை ஒருமுறை உள்ளே ஓட்டி எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். மறுமுனையில் ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் கைப்பேசி வெளிச்சத்தை அடித்தால் போதும், கண் கூசாமல் உள்ளே முழுதும் தெரியும். குழலுக்குள் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். லேசான கருமை என்றால் அழுக்காக இருக்கலாம், துலக்கினால் போகும். அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரிந்தால் துரு தின்றிருக்கிறது, அது போகாது. எங்காவது வளையம்போல ஒரு நிழல் குழலைச் சுற்றி ஓடினால், உள்ளே ஏதோ அடைத்திருந்தபோது சுட்டுக் குழல் வீங்கியிருக்கிறது என்று பொருள். அந்த ரைபிளை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், பேரம்கூட வேண்டாம்.

அப்புறம் குழலின் வாய். தோட்டா கடைசியாகத் தொட்டுப் பிரியும் விளிம்பு அது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் குறி சிதறும். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு, விளிம்பைத் தடவியபடி வெளியே இழுங்கள். எல்லாப் பக்கமும் வழுக்கி வந்தால் நல்லது. ஓரிடத்தில் பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. இதைத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் சரிசெய்துவிடுவார், செலவும் அதிகம் ஆகாது. ஆகவே இது விலகி வரக் காரணமல்ல, விலையைக் குறைக்கக் காரணம்.

இனி அந்த 303. இங்கே விற்பனைக்கு வருபவற்றில் பல இரண்டாம் உலகப் போர்க்காலத்து நம்பர் 4 வகை. அவற்றில் லட்சக்கணக்கானவை லாங் பிராஞ்சில், அதாவது இன்றைய மிசிசாகாவின் ஏரிக்கரையில் தயாரானவை. அந்த ஆலையின் பரிசோதனைக் கட்டடம் இப்போது கலைக்கூடமாகியிருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். போருக்குப் பிறகு பட்டாளத்து உபரியாக மலிவுக்கு விற்றபோது வாங்கியவர்கள் கனத்தைக் குறைக்க மரத்தை வெட்டினார்கள். சிலர் குழலையும் வெட்டினார்கள். உங்களுக்கு ஆபத்து அதில்தான். வெட்டப்பட்ட ரைபிளின் குழல் 457 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 660 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலோ கனடா குற்றவியல் சட்டப்படி அது தடை செய்யப்பட்ட ஆயுதம். உங்கள் உரிமம் அதற்குச் செல்லாது. காலி ரைபிளின் போல்ட்டை மூடி, வாய் வழியாக ஒரு மரக்குச்சியைப் போல்ட் முகப்பில் முட்டும்வரை விட்டு, விளிம்பில் கோடு போட்டு வெளியே எடுத்து அளந்தால் குழல் நீளம் தெரிந்துவிடும்.

அடுத்து எண்கள். நம்பர் 4-இல் போல்ட் கைப்பிடியின் பின்பக்கத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். தோளில் வைக்கும் மரக்கட்டை வந்து சேரும் இடத்தின் இடப்பக்கத்தில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் யாரோ போல்ட்டை மாற்றியிருக்கிறார்கள். போல்ட் முகப்புக்கும் தோட்டா அறைக்குள் தட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, ஹெட்ஸ்பேஸ் என்பார்கள், அளவுக்கட்டை போட்டுச் சோதிக்காமல் அதைச் சுடவே கூடாது. இடைவெளி கூடிப்போயிருந்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து சூடான வாயு முகத்தை நோக்கித் திரும்பலாம். இந்த வகையில் போல்ட் தலை தனியாகக் கழலும். 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைகள் உண்டு, பெரிய எண் போட்டு இடைவெளியைச் சரிசெய்யலாம். அது பழுதுபார்ப்பவர் வேலை. இன்னொன்று: குழலுக்குள் இரண்டே இரண்டு வரிப்பள்ளம் தெரிந்தால் தேய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். போர்க்கால அவசரத்தில் அப்படியே செய்தார்கள், அவை நன்றாகவே சுடும்.

ரெமிங்டன் 700-இல் குழலைவிட விசையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை வந்த எக்ஸ்-மார்க் புரோ விசைகளை நிறுவனமே 2014-இல் திரும்ப அழைத்தது, விரல் படாமலே வெடிக்கக்கூடும் என்பதற்காக. அதற்கு முந்தைய வாக்கர் விசை மீதும் அமெரிக்காவில் ஏராளமான வழக்குகள் நடந்தன. 1982-க்கு முந்தைய ரைபிள்களில் இன்னொரு சங்கடம்: சேஃப்டியைத் தளர்த்தினால்தான் போல்ட் திறக்கும், அதாவது தோட்டாவை வெளியே எடுக்கும் நேரத்தில் பாதுகாப்பு இருக்காது. எந்த வருடத்துத் தயாரிப்பு, விசை மாற்றப்பட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால், புது விசைக்கான பணத்தை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த ரைபிளுக்கு டிம்னி நிறுவனத்து விசையும், இங்கே கனடாவிலேயே தயாராகும் ட்ரிகர்டெக் விசையும் நல்லவை.

எந்த ரைபிளானாலும் இந்தச் சோதனையை விற்பவரிடம் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். காலி ரைபிளின் போல்ட்டை மூடி, பாதுகாப்பான திசையில் பிடித்து, சேஃப்டியைப் போட்டுவிட்டு விசையை நன்றாக அழுத்தி விடுங்கள். பிறகு விசையைத் தொடாமல் சேஃப்டியை மட்டும் எடுங்கள். தோட்டாவை அடிக்கும் ஊசி "டக்" என்று விழுந்தால் அந்த விசை ஆபத்தானது. பிறகு போல்ட்டை வேகமாகத் திறந்து திறந்து மூடிப் பாருங்கள், கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் லேசாகத் தட்டிப் பாருங்கள். அப்போதும் ஊசி விழக்கூடாது.

ஸ்கோப்பைப் பற்றி நீட்டப் போவதில்லை. விலையைத் தூக்கிக் காட்டத்தான் அதைப் பூட்டி விற்கிறார்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று விற்பவரால் சொல்ல முடியவில்லை என்றால் அதன் மதிப்பைப் பூஜ்யமாக வைத்துப் பேரம் பேசுங்கள். கட்டையில் பார்க்க வேண்டியது விரிசல்தான், குறிப்பாகப் போல்ட்டுக்குப் பின்னால் மணிக்கட்டுபோல ஒடுங்கும் இடத்தில். திருகுகளின் தலை கடித்துக் குதறியதுபோல இருந்தால், கைவேலை தெரியாத ஒருவர் இதைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்.

தோளில் வைத்துப் பார்க்கும்போது நவம்பரில் போடப்போகும் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். சட்டையோடு அளவாக இருக்கும் கட்டை, குளிர் உடுப்போடு நீளமாகிவிடும். உயரம் குறைந்தவர்களுக்கு இது பெரிய தொல்லை, தூக்கும்போதே அக்குளில் மாட்டும்.

காகித வேலை சுலபம். 2022 மே 18 முதல், இதுபோன்ற கட்டுப்பாடற்ற வகை ரைபிளுக்கும் விற்பவர் உங்கள் உரிமத்தைத் துப்பாக்கிப் பதிவாளரிடம் சரிபார்த்துக் குறிப்பு எண் வாங்கிய பிறகுதான் கைமாற்ற முடியும். தனியாரிடம் வாங்கினாலும் அப்படித்தான். "அதெல்லாம் எதற்கு, பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போ" என்பவரிடம் வாங்காதீர்கள். அது சட்டத்துக்கு மாறானது. ரைபிளின் தொடர் எண், மாடல், தேதி, இருவர் கையெழுத்து என ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் முன்பணம் கொடுத்து, பழுதுபார்ப்பவர் பார்த்துச் சரியென்றால் மீதி என்று பேசுங்கள். கடைகளில் பலர் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். 303-ஐ எடுப்பதானால் இந்தப் பரிசோதனை இல்லாமல் எடுக்கவே வேண்டாம். ரெமிங்டனில் விசை புதிதாகவோ மாற்றப்பட்டதாகவோ இருந்து குழல் சுத்தமாக இருந்தால், கூடுதல் விலை கொடுத்து அதையே எடுங்கள். செப்டம்பருக்குள் வாங்கிவிட்டால், இரண்டு மூன்று வகைத் தோட்டா வாங்கி மைதானத்தில் 100 மீட்டரில் சுட்டுப் பார்த்து, எதை உங்கள் ரைபிள் நெருக்கமாக அடிக்கிறதோ அதையே சீசனுக்கு எடுத்து வைக்க நேரம் இருக்கும்.