மின் நிலையம் வந்தும் தறி ஏன் நிற்கிறது?

கேள்வி: நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறேன். சீனப் பணத்தில் பாகிஸ்தானில் இத்தனை மின் நிலையங்கள் வந்த பிறகும், பைசலாபாதில் எங்களைப் போன்ற தறிக்காரர்கள் கரண்ட் பில் கட்ட முடியாமல் தறியை நிறுத்துவதாகப் படித்தேன். ஏன் இந்த நிலை?
- வாசகர், நகரி

பதில்: உங்கள் தறிக்கூடத்தின் மின் பில்லையே எடுத்துப் பாருங்கள். நூல் விலை ஏறித் தறி ஓடாமல் கிடந்த மாதத்திலும் நிலைக்கட்டணம் என்று ஒரு தொகை அதில் இருக்கும். பாகிஸ்தான் அரசு மின் நிலையங்களுக்குக் கட்டிவருவது அப்படிப்பட்ட ஒரு பில்தான்.

2015 ஏப்ரலில் 4,600 கோடி டாலர் மதிப்பில் அறிவிக்கப்பட்டு, பின்னர் 6,200 கோடி என்று பேசப்பட்ட சீன-பாகிஸ்தான் பொருளாதார வழித்தடத் திட்டத்தில் பெரும்பங்கு மின் உற்பத்திக்கே ஒதுக்கப்பட்டது. நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டை அனுபவித்த நாடு அவசரப்பட்டதை நான் குறை சொல்லமாட்டேன். குறை ஒப்பந்தத்தில் இருக்கிறது. மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையத்தின் திறனுக்கான தொகையைச் செலுத்தியாக வேண்டும். முதலீட்டாளரின் லாபமும் டாலர் மதிப்போடு பிணைக்கப்பட்டிருக்கிறது. 2017-இல் டாலருக்குச் சுமார் 105 ரூபாயாக இருந்த அந்நாட்டு நாணயம் 2023-இல் டாலருக்கு 280 ரூபாயைத் தாண்டிச் சரிந்தபோது, ஒரு யூனிட் கூடுதலாக உற்பத்தியாகாமலேயே அந்தச் சுமை பெருகியது. 1,320 மெகாவாட் திறனுள்ள சாஹிவால் அனல் மின் நிலையம் கடலிலிருந்து வெகுதொலைவில், பஞ்சாப் மாகாணத்தின் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அதற்கான இறக்குமதி நிலக்கரி கராச்சியிலிருந்து ரயிலில் போகிறது.

மின் திருட்டும் கம்பியிழப்பும் சேர்ந்து, மின்துறையில் ஒருவருக்கொருவர் தர வேண்டிய பாக்கி 2 லட்சம் கோடி பாகிஸ்தான் ரூபாயைத் தாண்டியது. கட்டணம் ஏறஏற, வசதியுள்ளவர்கள் கூரையில் சோலார் போட்டுக்கொண்டார்கள். 2024-இல் மட்டும் சுமார் 17,000 மெகாவாட் அளவுக்குச் சோலார் தகடுகள் அந்நாட்டில் இறக்குமதியாயின. அவர்கள் விலகிய பிறகும் குறையாத அந்த மின் நிலையச் செலவு, விலக வழியில்லாத சிறு தறிக்காரரின் தலையில் விழுகிறது. என்னை மிகவும் வருத்துவது இதுதான். 2022 வெள்ளத்தில் பருத்தி விளைச்சலும் அழிந்ததால், மூலப்பொருளுக்கும் அவர்கள் டாலரைத் தேட வேண்டியதாயிற்று.

திட்டமிட்ட ஒன்பது சிறப்புப் பொருளாதார மண்டலங்களின் வேலையும் மெதுவாகவே நடந்தது. 2013-இல் சீன நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட குவாதர் துறைமுகத்தின் ஊர்மக்களோ குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் 2021-இல் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

கேள்வி: அப்படியானால் எங்கள் பக்கத்து ஸ்ரீசிட்டி தொழில் நகரில் மட்டும் வெளிநாட்டு ஆலைகள் எப்படி நிலைத்தன?
- வாசகர், சத்தியவேடு

பதில்: சென்னை அங்கிருந்து சுமார் 55 கிலோமீட்டர்தான். எண்ணூர், கிருஷ்ணபட்டினம் துறைமுகங்களும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து உதிரிபாகப் பட்டறைகளும், வேலை தெரிந்த ஆட்களும் எட்டும் தொலைவில் இருக்க, ஆலைகள் அவற்றைத் தேடி வந்தன. ஆனால் நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே நிரந்தர வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் காண்ட்ராக்டில் இருக்கிறார்கள் என்ற கணக்கை உங்கள் சத்தியவேடு மண்டலத்துக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள், இதே பகுதியில் வெளியிடுகிறேன்.