வேகம் குறைந்த பிறகு

அன்புள்ள ஐயா,

என் பேஸ்பால் அணியின் குளோசருக்கு, அதாவது முன்னிலையைக் காக்க ஆட்டத்தின் கடைசியில் வரும் பந்துவீச்சாளருக்கு, இப்போது 37 வயது. ஒருகாலத்தில் மணிக்கு 97 மைல் வேகத்தில் வீசியவர், இந்தப் பருவத்தில் 92-ஐத் தொடவே திணறுகிறார். திரையில் அந்த எண் வரும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. ஆட்டத்தின் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸை இனியும் அவரிடம் நம்பிக் கொடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் அவரிடம் இரண்டாவதாக ஒரு பந்து இருக்க வேண்டும். நினைத்த இடத்தில் அதைப் போடவும் தெரிய வேண்டும்.

பெயர்பெற்ற குளோசர் டிரெவர் ஹாஃப்மனை எடுத்துக்கொள்ளுங்கள். இளமையில் அவரும் வேகத்தை நம்பியவர்தான். 1994 பருவம் முடிந்த ஓய்வில் தோளில் காயம் பட்டது. பழைய வேகம் திரும்பவே இல்லை. அதன் பிறகு அவரைத் தூக்கி நிறுத்தியது சேஞ்சப் என்ற மெதுவான பந்து. பந்தை விரல் நுனியில் பிடிக்காமல் உள்ளங்கைக்குள் ஆழமாகப் பொதிந்துகொள்வார். தோளும் கையும் முழு வேகத்தில் சுழலும், பந்து மட்டும் சுமார் 10 மைல் குறைந்து வரும். பந்து வந்து சேர அரை நொடிகூட ஆகாது, அதற்குள் மட்டையாளர் முடிவெடுத்தாக வேண்டும். கையைப் பார்த்து மட்டையைச் சுற்றிவிடுவார். பந்து அப்போதுதான் வந்துகொண்டிருக்கும். 2009-இல், 41 வயதில், 90 மைலை எட்டாத வேகப்பந்தோடு மில்வாக்கி அணிக்காக 37 சேவ் எடுத்தார், அதாவது அணியின் முன்னிலையைக் காத்து 37 ஆட்டங்களை முடித்துக் கொடுத்தார். அந்த ஆண்டு அவருடைய இஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த சராசரி ரன், 1.83. இந்த எண் குறைவாக இருந்தால்தான் நல்லது.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் கோஜி உவேஹரா. 2013-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் குளோசர்கள் இருவர் அடுத்தடுத்துக் காயமடைந்த பிறகுதான் அந்தப் பொறுப்பு அவருக்கு வந்தது. வயது 38, வேகம் 89 மைலை ஒட்டி. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பந்தைச் செருகி வீசும் ஸ்பிளிட்டர், வேகப்பந்து போலவே வந்து மட்டைக்கு அருகில் சட்டென்று கீழே இறங்கும். அந்தப் பருவத்தில் 101 பேரை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) செய்தவர் ‘வாக்’ (நான்கு பந்துகளை இலக்குக்கு வெளியே வீசி முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது) கொடுத்தது 9 பேருக்கு மட்டுமே! இந்த 9 என்ற எண்ணை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அக்டோபர் 30 இரவு, பாஸ்டன் சாம்பியனான உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில், ஃபென்வே பார்க் மைதானத்தில் எதிரணியின் மேட் கார்பெண்டர் கடைசியாகச் சுற்றித் தவறவிட்டதும் அந்த ஸ்பிளிட்டரைத்தான்.

நியூயார்க் யாங்கீஸ் அணியின் குளோசராக இருந்த மரியானோ ரிவேராவைச் சொல்லாமல் விட முடியாது. 43 வயதில், கடைசிப் பருவத்தில், 44 சேவ். கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகும் கட்டர் என்ற ஒரே பந்தைத்தான் பெரும்பாலும் வீசினார். அதை மட்டையின் எந்த விளிம்பில் பட வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 97 மைலில் தவறிப்போய் நடுவில் விழும் பந்தைக்கூட மட்டையாளர் பலமுறை தாமதமாகச் சுற்றித் தப்பவிடுவார். 90 மைலில் அதே தவறு வேலியைத் தாண்டிவிடும். ஹாஃப்மனுக்கே 2010-இல் அது நடந்தது. முந்தைய ஆண்டு யாராலும் தொட முடியாதவராக இருந்தவரின் இஆர்ஏ 5.89-க்கு ஏறியது, குளோசர் இடம் ஜான் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. அந்த செப்டம்பரிலேயே அவர் 600-வது சேவை எட்டியபோது நான் மனதாரக் கைதட்டினேன், ஆனாலும் அணி எடுத்த முடிவு சரியானதே. வயதான கை சரியும்போது படிப்படியாகச் சரிய வேண்டும் என்பதில்லை, ஒரே குளிர்காலத்தில் சரிந்துவிடலாம்.

ஆகவே திரையில் வரும் எண்ணைச் சில நாட்கள் மறந்துவிடுங்கள். உங்கள் ஆள் அடுத்த முறை பந்துவீசும் மேட்டில் ஏறும்போது கேட்சரின் கையுறையை மட்டும் பாருங்கள். காட்டிய இடத்திலேயே அது பந்தை வாங்குகிறதா, குறுக்கே பாய்ந்து பிடிக்கிறதா என்று இருபது பந்துகளுக்கு எண்ணிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.